வெனிலா செண்டு

குளிருக்கு இதமாக இருக்குமென்று மகள் காந்திபுரத்தில் வாங்கிவந்த வெனிலா செண்டை, விளக்கேற்றும் முன் மணிக்கட்டில் அடித்துப் பார்த்தேன். சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் என் வீட்டுக்காரர் பூஜையறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனம்மிணி, கேக்கு வாசம் அடிக்குது? மாலை போட்ட ஊட்டுல முட்டை கிட்டை தின்னுபோட்டயா?"

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, இதேபோல் ஒரு மார்கழியில், மாலை போட்டிருந்த அப்பாவும் இப்படித்தான் கேட்டார். தோழி வீட்டில் வெனிலா மணக்கும் கஸ்டர்டு சாப்பிட்டு வந்திருந்தேன்.

"முட்டை இல்லீங்கப்பா, பாலும் மாவும்தானுங்க."

"வாயெல்லாம் பேக்கரி மணக்குது, பொய் வேறயா?"

அம்மா தலையோடு பச்சைத் தண்ணீரை ஊற்றினாள். ஈரப் பாவாடையோடு பல் கிட்டித்து நின்றேன். குளிரைவிட, நம்பாததுதான் வலித்தது. மறுநாள் தோழியின் அம்மாவே வந்து முட்டை சேர்க்கவில்லை என்று சொன்னார். அப்பா அவரிடம் தலையை ஆட்டிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே பூஜைக்குப் போய்விட்டார்.

"செண்டுங்க சாமி" என்று இப்போது வீட்டுக்காரரிடம் கையை நீட்டினேன்.

"எதுக்கும் தலைக்கு ஊத்திட்டு வந்துரு, அம்மிணி."

நான் குளிக்கப் போகவில்லை. அப்படியே விளக்கை ஏற்றிவிட்டு, அவர் காதில் விழும்படியே கேட்டேன்: "ஐயப்பா, எனக்கு அம்பது வயசாச்சு. நான் சொல்றதை இவங்க என்னைக்குத்தான் நம்புவாங்க?"