வெளியே எழுதிய ஐந்தில் ஒன்று

சின்ன மாமாவை நினைத்தால் அவருடைய முகத்துக்கு முன்னால் அந்த மடிக்கணினிதான் வந்து நிற்கிறது. எங்கள் தீவுக் கிராமமான சரவணையில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தேத்தண்ணிக் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு அதைத் திறந்து வைத்தார். அம்மாவின் கடைசித் தம்பி அவர். இலண்டனில் நெடுங்காலம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அக்கா என்று நான் சொல்வது பெரியம்மாவின் மகளை. கிணற்றில் அப்போதுதான் அள்ளிய தண்ணீரை அவள் செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இந்தத் தண்ணிக்காகவே ஊருக்கு வரலாம் பிள்ளை" என்றார். அந்தக் கிணற்றை அவளிடமிருந்து பறிக்கப்போகிற ஆள் தான்தான் என்பது அன்று அவருக்கே தெரியாது. அவரைக் காப்பாற்ற இதைச் சொல்லவில்லை. உண்மை அதுதான் என்பதால் சொல்கிறேன்.

தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு என்றால் என்ன என்பதைத் தீவாருக்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்த வளவிலேயே உவர். வாயில் வைக்க ஏலாது. போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கிணற்றுக்குள் உடைந்த ஓடும் வளைமரமும் கிடந்தன. அக்காவும் அவளுடைய புருசனும் ஆள் பிடித்து இறைத்து, சேறு வாரி, கிணற்றின் சுற்றுக்கட்டை மீண்டும் கட்டினார்கள். அவர் செத்த பிறகு அந்தத் தண்ணீரில்தான் அவள் வெங்காயமும் மிளகாயும் செய்து சீவித்தாள். வெளிநாட்டில் இருந்த நாங்கள் எல்லோரும் ஊரென்று வாயாறச் சொன்னபோது, ஊரில் இருந்தது அவள் ஒருத்திதான். நாங்கள் என்று என்னையும் ஏன் சேர்த்தேன்? நான் கொழும்பில் இருந்தேன். அவளுக்கு அதுவும் வெளிநாடுதான்.

காணி ஐந்து சகோதரங்களுக்குப் பிரிபடாமல் கிடந்தது. மூத்தவரான பெரிய மாமா தன் ஐந்தில் ஒன்றைப் பெரியம்மாவுக்கு உறுதிப்பத்திரம் எழுதி விற்றுவிட்டுப் பிள்ளைகுட்டி இல்லாமல் போய்ச் சேர்ந்தார். ஆகவே பெரியம்மாவின் கையில் ஐந்தில் இரண்டு. அவருக்குப் பின் அது அக்காவுக்கும் நோர்வேயில் இருக்கும் அவளுடைய அண்ணனுக்கும் ஆளுக்கு ஐந்தில் ஒன்று. இதற்கு ஒரு கைவிரல்களே போதும். ஆனால் மற்றவர்களுக்குக் கீழே பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று நாலு தேசத்தில் பெயர்கள் நீண்டுபோயின. அதனால் மாமா கணினியில் ஒரு நிரல் எழுதினார். எழுத்துக்களையும் பின்னங்களையும் அப்படியே வைத்துக் கணக்குச் செய்யும் மென்பொருள் அது. தசமத்தில் வெட்டிக் கொட்டாது. "கணக்குக்கு ஆளைத் தெரியாது. அதாலை சண்டை வராது" என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார்.

அந்த மென்பொருளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நிரலில் ‘பங்கு’ என்பதுபோல் ஒரு பெயர் வந்து, அதன் பெறுமதி தெரியாவிட்டால் அது புளுகாது. பெயரை அப்படியே விடையில் நிறுத்திவிடும். மாமாவுக்கும் முதலில் அப்படித்தான் வந்திருக்கிறது. அவரே சிரித்துச் சிரித்துச் சொன்னார்: "பங்கைக் கேட்டால் எழுத்து வந்து நிக்குது. எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. நிரலுக்கு மேலை, பங்கு எண்டால் ஐந்தில் ஒண்டு எண்டு ஒரு பெறுமதியைக் குடுத்தன். ஆள் அடங்கிட்டார்." தனக்குத் தெரியாது என்று நேர்மையாகச் சொன்ன ஒன்றின் வாயை அடைத்துவிட்டு அதைப் பகிடியாகச் சொல்கிறார் என்று எங்களில் ஒருவருக்கும் அப்போது உறைக்கவில்லை.

விடை வந்தது. அக்காவுக்குப் பத்தில் ஒன்று, அவளுடைய அண்ணனுக்குப் பத்தில் ஒன்று. ஐந்து சகோதரம், இரண்டு பிள்ளை, பத்தில் ஒன்று; கேட்கச் சரியாகத்தானே இருக்கிறது. முழுக் காணியிலும் ஐந்தில் ஒன்று ஆளில்லாமல் மிஞ்சியது. பெரிய மாமாவுக்குப் பிள்ளைகள் இல்லை, ஆகவே அது பொதுக்காணி என்று, உள்ளே போட்டதோடு ஒப்பிட்டுப் பார்க்காமலே சின்ன மாமா முடிவு கட்டினார். அக்கா மட்டும் கேட்டாள்: "அது அம்மா வாங்கின பங்கல்லோ மாமா?" அவர் கணினியைத் தட்டிக் காட்டினார். "அதை நான் போட்டிட்டன் பிள்ளை. உள்ளுக்கை இருக்குது பார்." அவர் பொய் சொல்லவில்லை. ஐந்தில் இரண்டு என்று உள்ளே இருக்கத்தான் செய்தது. படித்த மனிதர், தாய்மாமன், திரையைத் திருப்பிக் காட்டுகிறார். அக்கா தலையாட்டினாள். பிரிவிடல் உறுதியிலும் ஒப்பம் வைத்தாள். பொதுத் துண்டை விற்கும் உரிமையை மாமாவுக்குக் கொடுப்பதாகவும் அதே உறுதியில் எழுதியிருந்தது.

நில அளவையாளர் வந்து கல் நட்டபோதுதான் அளவைப் படத்தில் கிணறு என்று குறித்திருந்த சின்ன வட்டம் பொதுத் துண்டுக்குள் விழுகிறது என்று அவள் கண்டாள். அன்றைக்கே எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "தம்பி, கிணறு எனக்கில்லையாம்."

நிரல் எழுதுவதுதான் என் தொழில். மாமாவிடம் அவருடைய நிரலைக் கேட்டேன், பெருமையோடு அனுப்பி வைத்தார். அந்த மொழியில், ஒரு சிறு கணக்குக்கு மட்டும் உரிய பெயர்களை ஓர் அடைப்புக்குள் அறிவிக்கலாம். வெளியே அதே பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு. உள்ளக மாறிகள் என்போம். மாமா ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு பெயர்களை ஒரே அடைப்புக்குள் வைத்திருந்தார். முதலாவது பங்கு, பெரியம்மாவுக்கு ஐந்தில் இரண்டு. இரண்டாவது, அந்தப் பங்கைப் பிள்ளைகளின் தொகையால் வகுத்து வருவது. வாசிக்கும் கண்ணுக்கு ஒன்றின்பின் ஒன்றாக ஒழுங்காகத்தான் தெரியும். ஆனால் ஒரே அடைப்புக்குள் தொடக்கப் பெறுமதி வாங்கும் பெயர்கள் ஒன்றையொன்று காண்பதில்லை. இரண்டாவது பெயர் பங்கைத் தேடியபோது உள்ளே இருந்த பங்கு அதன் கண்ணில் படவில்லை. வெளியே போய் எடுத்தது. வெளியே, மாமா எழுத்தை அடக்குவதற்காக எழுதிவைத்த ஐந்தில் ஒன்று இருந்தது. மற்றக் குடும்பங்களுக்கெல்லாம் உள்ளேயும் ஐந்தில் ஒன்று, வெளியேயும் ஐந்தில் ஒன்று. ஆகவே அவர்களுக்கு எல்லாம் சரி. பிழை பட்டது காசு கொடுத்துப் பங்கு வாங்கிய ஒரே ஒருத்தியின் பிள்ளைகளுக்கு மட்டும். இரண்டாவதை அடைப்பிலிருந்து எடுத்து அடுத்த வரிக்கு இறக்கினால் தீர்ந்தது.

மாமாவுக்கு வீடியோவில் காட்டினேன். கணிதம் படிப்பித்தவர், உடனே பிடித்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி, "ஓம், நீ சொல்லுறது சரி" என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஆனா எல்லாரும் ஒப்பம் வைச்சாச்சு. வாங்கிற ஆளுக்கும் சொல்லியாச்சு. இனித் திருத்த வெளிக்கிட்டால் ஆளாளுக்கு ஒண்டைக் கிளப்புவினம். விடு தம்பி." கனடாவில் இருந்த அம்மாவிடம் போனேன். "அவன் படிச்சவன், யோசிக்காமல் செய்யமாட்டான்" என்று பெற்ற தாயே கையை விரித்தார். வழக்குப் போடுவோம் என்றேன். "வழக்கு வைச்சிட்டு நான் பிறகு ஆரோடை கதைக்கிறது?" என்றாள் அக்கா. பிழை செய்ததற்காக எனக்கு மாமாமீது கோபம் இல்லை. நானும் அந்தப் பிழையை விட்டிருப்பேன். சரியென்று ஒத்துக்கொண்ட வாயாலேயே விடு என்றாரே, அதை நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன்.

இப்போது கிணற்றைச் சுற்றி மதில். வாங்கியவர் சுவிசில்; கேற்றில் பூட்டுத் தொங்குகிறது. அள்ளுவாரில்லாமல் தண்ணீர் பாசி பிடித்துக் கிடக்கிறதாம். வெங்காயப் பாத்திகள் இருந்த இடத்தில் நாயுருவி. அக்கா பிரதேச சபையின் தண்ணீர் வண்டியான பவுசருக்கு வாளியும் பிளாஸ்டிக் பரலும் கொண்டு ஒழுங்கையில் காத்து நிற்கிறாள்.

போன மாதம் நானும் அவளோடு அந்த வரிசையில் நின்றபோது குடும்ப வட்சப் குழுவில் மாமாவின் செய்தி வந்தது. நிரலைத் திருத்திவிட்டாராம், ஊரின் மற்றக் குடும்பங்களும் கேட்கிறார்களாம், இலவசமாகக் கொடுக்கிறாராம். எடுத்துக்காட்டுக்கு எங்கள் குடும்பத்தையே ஓடவிட்டுப் படம் எடுத்துப் போட்டிருந்தார். கீழே அம்மா உட்பட எல்லோரும் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். படத்தில் அக்காவின் பெயருக்கு நேரே ஐந்தில் ஒன்று. பொதுக்காணி என்ற வரியே இல்லை.

காட்டாமல் விட்டிருக்கலாம். அவள்தான் எட்டிப் பார்த்து, "மாமாவோ, என்னவாம்?" என்றாள். போனைக் கொடுத்தேன். கண்ணைச் சுருக்கித் தன் பெயரைத் தேடிப் பிடித்து வாசித்தாள்.

"இப்ப சரியா வந்திருக்கு" என்றாள். பவுசர் ஒழுங்கைக்குள் திரும்பியது. போனை என் கையில் திணித்துவிட்டு, முன்னால் நின்றவளோடு தள்ளுப்பட்டுக்கொண்டு வாளியை நீட்டினாள்.