கிளைவின் மொமோவும் கொட்டகலையின் கட்டைவிரலும்

கிளைவ் கட்டாரிலிருந்து வந்தபோது தூக்கிக்கொண்டு வந்தது ஒரு டீவியோ செண்ட் போத்தலோ இல்லை. மூன்று தட்டு வைத்த ஓர் அலுமினியச் சட்டி. இட்லிப் பானை வாங்க ஹட்டனுக்குப் போனால் போதாதா, அதற்கு எதற்கு நாலு வருஷம் கட்டாரில் கிடந்தாய் என்று முகத்துக்கு நேரே கேட்டேன். நான் அவனுக்குப் பெரியப்பா மகன், கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறது. அது மொமோ என்கிற நேபாளத்துக் கொழுக்கட்டை அவிக்கிற சட்டி என்றான். அங்கே ஹோட்டல் குசினியில் கூட வேலை செய்த ஒரு நேபாளக்காரர் கற்றுக்கொடுத்தாராம்.

அவனுக்கு மூன்று மாத லீவு. அதற்குள் ஒரு கடை போட்டு, அது ஓடினால் இங்கேயே இருந்துவிடுவது, ஓடாவிட்டால் திரும்பிப் போவது என்று அவனும் அவன் மனைவி நிரோஜினியும் முடிவு செய்திருந்தார்கள். போக அவனுக்குத் துளியும் மனசில்லை. காரணம் மகள் டெல்சி. அவன் போகும்போது ஆறு மாதக் குழந்தை. அப்பாவைப் போனில் மட்டுமே பார்த்து வளர்ந்தது. வந்த அன்று அவன் கையை நீட்டினான். பிள்ளை ஓடிப்போய் அம்மாவின் போனை எடுத்து வந்து, "அப்பாவுக்குக் கோல் எடுங்கம்மா, வீட்டுக்கு ஒரு மாமா வந்திருக்காருன்னு சொல்லணும்" என்றது. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். கிளைவ் முகம் கழுவப் போகிறேன் என்று பின்பக்கம் போனவன் வெகுநேரம் வரவில்லை. அப்புறம்தான் சிரித்தது தப்பு என்று எனக்குப் பட்டது.

ஸ்டேசன் ரோட்டில், முன்பு கொத்து ரொட்டி போட்டுக்கொண்டிருந்த ஒரு கடை காலியாகக் கிடந்தது. அதை எடுத்தான். பழைய இரும்புக் கல்லைக் கழற்ற முடியாததால் அதன் மேல் மா மூட்டையை அடுக்கினான். கோதுமை மாவைப் பிசைந்து, ஈரத் துணி போட்டு மூடி வைத்து, நடு தடிப்பாகவும் ஓரம் மெல்லிசாகவும் உள்ளங்கையளவு தேய்ப்பான். உள்ளே பொடியாக அரிந்த கோழி, முட்டைக்கோவா, லீக்ஸ், இஞ்சி. ஓரத்தைச் சுற்றிப் பதினெட்டு மடிப்பு. பதினேழு வந்துவிட்டால் பிரித்து மறுபடி மடிப்பான், அப்படி ஒரு வெறி. தொட்டுக்கொள்ளத் தக்காளியும் காய்ந்த மிளகாயும் எள்ளும் அரைத்த சட்னி. ஒன்றை வாயில் போட்டேன், சூடான சாறு மேலண்ணத்தைப் பொசுக்கியது. பொசுக்கினாலும் பரவாயில்லை என்று இன்னும் நாலு தின்றேன். ருசியில் யாரும் ஒரு குறை சொல்லவில்லை. குறை எல்லாம் எங்கள் விரலில் இருந்தது.

எங்கள் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. போய் உட்கார்ந்தால் கேட்காமலே ஒரு பெரிய தட்டில் ரோல்ஸ், பெட்டிஸ், வடை எல்லாம் அடுக்கிக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். விருப்பமானதை எடுத்துத் தின்றுவிட்டுத் தின்றதற்கு மட்டும் காசு கொடுப்போம். மீதித் தட்டு அடுத்த மேசைக்குப் போகும். இதில் எது புதுசு, எதில் உள்ளே நிறைய இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, கட்டைவிரலால் ஒரு அமுக்கு. ரோல்ஸ் தாங்கும், வடை எதையும் தாங்கும். கிளைவும் ஊர் வழக்கப்படி தட்டில் பத்து மொமோவை அடுக்கி வைத்தான். நாங்கள் ஊர் வழக்கப்படி பத்தையும் அமுக்கினோம். மெல்லிசுத் தோல் பிய்ந்து சாறு வழிந்தது. கிழிந்ததைத் தள்ளிவிட்டு, கிழியாத இரண்டைத் தின்றுவிட்டு எழுந்து போனோம். நான் உட்படத்தான் சொல்கிறேன்.

இதில் மன்னன் என்றால் பென்சன் வாங்கிய கணக்கப்பிள்ளை பொன்னையா. முப்பத்தொரு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தைக் கைப்பிடியாக எடுத்து அமுக்கிப் பார்த்தே பிழைத்தவர். சாப்பிடுவது ஒன்று, அமுக்குவது மூன்று தட்டு. எல்லாவற்றையும் அமுக்கி முடித்துவிட்டு, இன்றைக்கு ஈரம் கொஞ்சம் கூட என்று தீர்ப்பும் சொல்வார்.

கிளைவ் ஒரு போர்டு எழுதி மாட்டினான்: மொமோவை அமுக்காதீர்கள். அதுவரை அமுக்கவேண்டும் என்று தோன்றாத பள்ளிக்கூடத்து டீச்சர்மார்கூட அதைப் படித்த பிறகு அமுக்கிப் பார்த்தார்கள். சரி என்று தட்டில் ஒன்று ஒன்றாக வைத்துக் கொடுத்தான். என்ன தம்பி, மாதா கோயில் திருப்பலியில் அப்பம் கொடுப்பதுபோல் ஒன்றே ஒன்று தருகிறீர்கள் என்று கோபித்துக்கொண்டு கூட்டம் எதிர்க் கடைக்குப் போய்விட்டது. மறுபடி பத்து வைத்தான், மறுபடி அமுக்கினோம். லீவு முடிய மூன்று கிழமைதான் இருந்தது. கட்டாரிலிருந்து மனேஜர் இரண்டு தரம் கோல் எடுத்துவிட்டார். நிரோஜினி பெட்டியை அலுமாரி மேலிருந்து இறக்கித் தூசி தட்டினாள். தட்டிக்கொண்டே அழுதாள் என்று என் பெண்சாதி சொன்னாள்.

ஒரு பின்னேரம் கிழிந்த மொமோ ஒரு சட்டி நிறையச் சேர்ந்துவிட்டது. ஊரான் கை பட்டதை விற்கக் கூடாது, எறி என்றான் கிளைவ். கோழி விற்கிற விலையில் எறிவதா என்று நிரோஜினிக்குச் சுர்ரென்று வந்தது. வீட்டுக்காவது ஆகட்டும் என்று மா மூட்டையைத் தள்ளிவிட்டு அந்தப் பழைய இரும்புக் கல்லைப் பற்றவைத்தாள். வெங்காயம், லீக்ஸ், இரண்டு முட்டை, மேலே மொமோவைக் கொட்டி, மூலையில் கிடந்த கொத்துத் தகடு இரண்டையும் எடுத்து டணக்கு டணக்கு என்று கொத்தினாள். பதுளை ரயிலில் வந்து இறங்கிய சனம் அப்படியே நின்றது. கொத்துச் சத்தம் கேட்ட பிறகு நேரே வீட்டுக்குப் போகிற ஆள் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. இது விற்பனைக்கு இல்லை என்று அவள் சொல்லச் சொல்ல, ஆளாளுக்கு ஒரு பார்சல் கேட்டார்கள்.

புதிதாக மொமோ அவித்து, யார் விரலும் படுவதற்கு முன்பே கொத்திக் கொடுக்கலாம் என்றாள் நிரோஜினி. கிளைவ் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பதினெட்டு மடிப்பு மடித்ததைக் கொத்திப் போடுவதா என்று அவனுக்கு வயிறு எரிந்தது. மூன்றாம் நாள் பெட்டியைப் பார்த்தான், டெல்சியைப் பார்த்தான், தகடுகளைக் கையில் எடுத்தான். மடிப்பை மட்டும் விடவில்லை. பதினெட்டு மடித்து, அவித்து, அழகு பார்த்து, அப்புறம் கொத்துவான். அந்தக் கிழமையே லிந்துலையிலிருந்து ஓட்டோ பிடித்துக்கொண்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது மனேஜர் மறுபடி கோல் எடுத்தார். தமிழ் தெரிந்த மலையாளி அவர். கடையில் பெஞ்சுக்கு இடமில்லாமல் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். கிளைவ் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கொத்திக்கொண்டே என்னவோ சொன்னான். இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னான், அதுவும் கேட்கவில்லை. கடைசியில் தகடுகளைக் கல்லின் ஓரத்தில் வைத்தான். கடை சட்டென்று அமைதியானது. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

"நான் வரல சேர்," என்றான். "இனி வரவே மாட்டேன். புள்ளைக்கு நான் யாருன்னு இப்பதான் தெரியுது."

நிரோஜினி வெங்காயத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள், அதை அரியவும் இல்லை, ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொன்னையாதான் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"அதான் வரலன்னு சொல்லியாச்சுல்ல. கொத்துங்க தம்பி, பசிக்குது."

கிளைவ் தகடுகளை எடுத்தான். என்ன போட்டோம், எத்தனை தரம் போட்டோம் என்ற நினைவே அவனுக்கு இல்லை. அன்றைக்கு எல்லார் தட்டிலும் உப்பு இரண்டு மடங்கு. ஒருவரும் குறை சொல்லவில்லை, தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தோம்.