வளரும் கைக்கு வாங்கிய பேனா

பேரன் திறந்த மைப்போத்தலின் வாசம், மட்டக்களப்பு வாவிக்கரையில், நாங்கள் காக்கா என்றழைத்த முஸ்லிம் பெரியவரின் கடைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. இன்று அங்கே கடையுமில்லை, தோணித்துறையுமில்லை. நான் பெரிய பள்ளிக்கூடம் சேருமுன், எழுதத் தெரியாத அப்பா, பச்சையரிசிக் குவளையில் குத்தி நின்ற பேனாக்களை ஒவ்வொன்றாக உருவி, துடுப்பைப் பிடிப்பதுபோல் தன் காய்த்த கைக்குள் பொத்திப் பார்த்து, இருந்ததிலேயே பருத்த கறுப்புப் பேனாவை எடுத்தார்.

"புள்ளட கைக்கு இது பெரிசு தம்பி," என்று காக்கா மெல்லியதொன்றை என்னிடம் நீட்டினார். அது என் விரல்களுக்குள் சுகமாக இருந்தது.

"புள்ள வளரும்தானே காக்கா," என்றார் அப்பா. வருஷப்பிறப்புச் சட்டையும் எனக்கு அப்படித்தான், முழங்கால் தாண்டித் தொளதொளவென்று வரும்.

அடுத்த மாரியில் காய்ச்சல் அப்பாவைக் கொண்டுபோனது. அந்தப் பேனா என் விரலிடுக்கில் நிற்காமல் புரண்டது, எழுத்துகள் சரிந்தன. ஆனாலும் வேறொன்று வாங்க மனம் வரவில்லை. என் கை அந்த அளவுக்கு வளரவேயில்லை.

இப்போது வாதத்தில் விரல் மூட்டுகள் வீங்கி, மெல்லிய பேனா எதுவும் பிடிபடுவதில்லை. பேரனின் மையை அந்தக் கறுப்புப் பேனாவில் நிரப்பி எழுதிப் பார்த்தேன்.

கைக்கு அளவாக இருக்கிறது, அப்பா.