சிதறால் வழியில் ஒரு ‘ம்’

காலை ஒன்பதரைக்கு நெய்யூரில் மாமியார் வீட்டு வாசலிலிருந்து கிளம்பினோம். சிதறால் மலைக்கோயிலுக்குப் போவதாகத் திட்டம். திங்கள்நகர், அழகியமண்டபம், மார்த்தாண்டம் வழியாக இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். திருச்சிக்காரனான எனக்கு இதையெல்லாம் பயணம் என்று சொல்லவே கூச்சம். அத்தைக்கோ, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தள்ளிப்போய்க்கொண்டே இருந்த பயணம். “சிதறாலுக்குப் போவமா?” என்று கேட்டால் மாமனார் “ம்” என்பாராம். உம் கொட்டினாரே தவிர ஒருநாளும் கூட்டிப் போனதில்லை. போன வருஷம் இறந்துபோனார்.

கார் அவருடையது. கடைசி மாதங்களில் ஓட்ட முடியாமல், சம்பளத்துக்கு ஒரு டிரைவரை வைத்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பின்சீட்டில் சாய்ந்திருப்பாராம். அத்தை “போவமா?” என்று கேட்பார். பதில் அதே “ம்”தான். இப்போது அத்தை அந்த இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

“போவமா?” என்றார் அத்தை. நான் சாவியைத் திருப்பினேன். இஞ்சின் எடுப்பதற்கு முன்னால், காலியாக இருந்த சீட்டுக்கு அடியிலிருந்து ‘ம்...’ என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

“கேட்டியளா? அவருதான்” என்றார், சாதாரணமாக.

சிரித்து வைத்தேன். “பெட்ரோல் பம்ப் அத்தை. டேங்குக்குள்ள இருக்கும். சாவி போட்டதும் ஓடும்.”

“அவரு இருக்கப்ப இந்தச் சத்தம் கெடையாது மாப்பிள்ளே. போன பொறவுதான்.”

முன்சீட்டிலிருந்த என் மனைவி ஜெபா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முதுகு லேசாகச் சில்லிட்டது. மறைப்பானேன்.

மார்த்தாண்டம் தாண்டியதும் சாலை குறுகி, இருபுறமும் ரப்பர் தோட்டம் சூழ்ந்துகொண்டது. பகல் பத்தரை மணிக்கே அங்கே சாயங்கால வெளிச்சம். மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. மரத்துக்கு ஒரு சிரட்டை, அதில் சொட்டும் வெள்ளைப் பால். காக்காய்ச் சத்தம்கூடக் கிடையாது. ஏற்றத்தில் ஒரு வளைவு. கார் இரண்டு முறை குலுங்கி, மூச்சு வாங்கி, நின்றது.

நேற்று வழி பார்த்து வைக்கலாம் என்று தனியாக வந்தபோதும் இதே வளைவில்தான் நின்றது. அரை மணி கழித்துத் தானாகக் கிளம்பியதால் வீட்டில் சொல்லவில்லை. இப்போது சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. மறுபடி திருப்பினேன். இல்லை.

“ஏன் பேசமாட்டேங்காரு?” என்றார் அத்தை.

ஜெபா சட்டென்று கதவைத் திறந்து இறங்கினாள். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, மார்த்தாண்டத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் செல்வனைப் பிடித்தாள். அவர் ஷார்ஜாவில் பல வருஷம் கார் மெக்கானிக்காக இருந்து திரும்பியவர். பைக்கில் வந்தார். ஃபியூஸைப் பார்த்தார், ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்த்தார். பிறகு பின்சீட்டைத் தூக்கி, அடியில் இருந்த மூடியைக் கழற்றி, குனிந்து காதை வைத்தார்.

“சார், சாவிய திருப்புங்க. கரண்ட் வருது, பம்பு சுத்தல.” ஸ்குரூடிரைவரின் பிடியால் டேங்கின் மேல் தட்டினார்.

“அடிக்காதீங்க” என்றார் அத்தை, வெளியே நின்றபடி. நாங்கள் மூவரும் திரும்பிப் பார்த்தோம்.

அந்தத் தட்டில் பம்ப் விழித்துக்கொண்டது. ‘ம்ம்ம்...’ என்று இழுத்தது. செல்வன் நிமிர்ந்தார். “பாத்தியளா, மோட்டர் தேஞ்சு போச்சு. வண்டி ரொம்ப நாளு சும்மா கெடந்துதா? டேங்குல பெட்ரோலும் கம்மி. அதாக்கும் இந்த மொனங்கல். சூடாயி ஏத்தத்துல பிரஷர் விழும், ஆறினா எடுக்கும். இப்பமே நம்ம ஒர்க்‌ஷாப்புக்கு விட்ருங்க. வழியில லாரிக்கு முன்னால நின்னா என்ன செய்வீங்க?”

நேற்றும் இன்றும் ஏன் இதே வளைவு என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தார். முள் ஏறி, நடுங்கி, மெல்லச் சரிந்தது. புது பம்ப் மார்த்தாண்டத்திலேயே கிடைக்கும் என்றார். அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“மாத்தினா சத்தம் வருமா?”

“வரவே வராதும்மா. காது வச்சாத்தான் கேக்கும்” என்றார் செல்வன், பெருமையாக.

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பின்சீட்டைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவார், அப்படியே நெய்யூருக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவரிடமிருந்து அந்தச் சத்தத்தைப் பிடுங்க எனக்கு மனசே வரவில்லை.

“செரி, மாத்துங்க” என்றார். “எத்தன நாளுதான் அவரும் ம் கொட்டிட்டே கெடப்பாரு? படுக்கட்டும்.”

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஹோஸைப் பிரித்து, செல்வன் பழைய பம்பை மேலே எடுத்தார். பெட்ரோல் நாற்றம் கண்ணைக் கரித்தது. அடியிலிருந்த வலையில் தேயிலைத் தூள் போலக் கறுப்பு மண்டியிருந்தது. டேங்கைத் துடைத்து, புது பம்பும் புது ரப்பர் வளையமும் போட்டு மூடினார். சாவியைத் திருப்பினேன். நிசப்தம். இஞ்சின் முதல் தடவையிலேயே எடுத்தது. கேஜின் முள் அசையாமல் நின்றது.

மதியம் இரண்டு மணிக்கு மறுபடி அதே ரப்பர் தோட்டம், அதே வளைவு. எதிரே மரம் ஏற்றிக்கொண்டிருந்த லாரி ஒன்று சாலையை அடைத்து நின்றது. இஞ்சினை அணைத்தேன். லாரி ஒதுங்க நேரமானது. இம்முறை அத்தை நடுவில் வசதியாக உட்கார்ந்திருந்தார். வழி விட்டதும் சாவியைத் திருப்பினேன். பம்பிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

“போவமா?” என்றார் அத்தை, பழக்கத்தில்.

பதில் சொல்லலாமா என்று நான் வாயெடுப்பதற்குள், “ம்” என்று கேட்டது. சின்னதாக, கொஞ்சம் மூக்கால். ஜெபா அம்மாவுக்காகச் சொல்லியிருக்கிறாள் என்று புரிந்து, அவள்மேல் எனக்கு அன்பு பொங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். அத்தை கைகளை மடியில் கோத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஏற்றத்தில் வழுக்கிக்கொண்டு ஏறியது.

சிதறாலில் அத்தை ஒவ்வொரு படியாக, யாருடைய கையையும் பிடிக்காமல் ஏறினார். பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக நின்றும் அமர்ந்தும் இருக்கிறார்கள். மேலே ஓயாத காற்று. கீழே தென்னையும் ரப்பரும் பச்சையாக விரிந்து கிடந்தன. “கொள்ளாம்” என்றார் அத்தை, நன்றாக இருக்கிறது என்பதை அவர் ஊர்ப் பேச்சில். திரும்பி வரும்போது பின்சீட்டில் நன்றாகத் தூங்கிவிட்டார்.

திருச்சிக்கு வந்து ஒரு வாரம் கழித்து, தில்லைநகரில் சாமான் வாங்கிவிட்டு எங்கள் காரில் ஏறினோம். அந்த ரப்பர் தோட்டத்து இருட்டுக்கு நேர்மாறாக இங்கே கண் கூசும் வெயில், காதைப் பிளக்கும் ஹாரன். ஜெபா பெல்ட்டைப் போட்டுக்கொண்டே, “அன்னைக்கு அந்த வளைவுல அம்மாவுக்காக நீங்க ம் சொன்னீங்களே, அதை நான் மறக்கவே மாட்டேன்” என்றாள்.

“நான் சொல்லலையே. நீதானே சொன்னே?”

“நானா? நான் வாயே திறக்கலையே” என்றாள். சாவியைத் திருப்பினேன். எப்போதும் ‘போலாமா’ என்று கேட்கிறவள், அன்று கேட்கவில்லை.