வாய் உடைந்த குடுவைகள்

எண்பதுகளில் லண்டன் பல்கலைக்கழகமொன்றின் இரசாயன ஆய்வுகூடத்தில் குடுவை கழுவினேன். யாழ்ப்பாணத்தில் அதே பாடத்தைப் படிப்பித்தவன் என்பது அங்கே யாருக்கும் தெரியாது, நானும் சொல்லவில்லை.

அங்கே ஆராய்ச்சி செய்த கானாக்காரர் ஒருவர், வாய் உடைந்த குடுவைகளை எறிய விடமாட்டார். விளிம்பைத் தேய்த்துச் சமப்படுத்தி, சுடரில் காட்டி உருக்கி, தன் ஊர் மாணவர்களுக்கென்று கப்பலில் அனுப்புவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வெள்ளைக்காரன் கழித்த குப்பையா உங்கள் பிள்ளைகளுக்கு?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

அவர் ஒரு குடுவையை என் கையில் வைத்தார். "எங்கே உடைந்தது, காட்டுங்கள்."

தடவித் தடவிப் பார்த்தேன். தெரியவில்லை.

படிப்பு முடிந்து அவர் ஊர் திரும்பினார். அதற்குள் நானும் உடைந்த குடுவைகளைச் சேர்க்கத் தொடங்கியிருந்தேன்; அவர் போன பிறகும் அதை விடவில்லை. அவரைப் போலவே உருக்கவும் பழகினேன். விரலெல்லாம் கொப்புளம். "உங்களுக்கென்ன விசரே? ஆரோ உடைச்சதுக்கு நீங்கள் ஏன் கையைச் சுடுறியள்?" என்று மனைவி ஏசினாள்.

தொண்ணூறுகளில் அவர் தம் நாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் துணைவேந்தராக லண்டனுக்கு வந்தார். பேராசிரியர்கள் சூழ ஆய்வுகூடத்துக்குள் நுழைந்தவர், நேரே என் கழுவுதொட்டிக்கு வந்து, "இன்றைக்கு ஏதாவது உடைந்ததா?" என்று கேட்டார்.

தொட்டிக்குக் கீழிருந்து நான்கு பெட்டிகளை இழுத்தேன். ஒரு குடுவையை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"எங்கே உடைந்தது, காட்டுங்கள்."