ஒரே ஒரு கொண்டை ஊசி

சவுரி கட்டிவிடத் தெரியுமா என்று அக்கா என்னிடம் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. இராஜபாளையத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் நூல் மில்லில் அவர் ஃபிட்டர். மெஷின்களைக் கழற்றி மாட்டிப் பழுது பார்க்கிறவர். அப்போது அந்த வேலையில் அங்கே வேறு பெண் கிடையாது. நான் அதே ஹாலில் சைடர். ஓடுகிற மெஷினின் ஓரமாக நடந்துகொண்டே, அறுந்த இழைகளை ஒட்டிவிடுகிற வேலை. இரண்டு பேருக்கும் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் என்பதால் காலையில் ஒரே டவுன் பஸ்தான். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்குவார். நான் அவர் தலை கம்பியில் இடித்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டே வருவேன்.

நான் அப்படித்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பயப்படுவேன். கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறேன். "ஒம் பயத்துல பாதிய வித்தா ஒரு மெஷினே வாங்கிறலாம்ட்டி" என்பார் அக்கா.

ஆனால் முடி விஷயத்தில் என் பயம் சும்மா வந்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் வேறொரு மில்லில் இருந்தபோது, பக்கத்து மெஷினில் நின்ற பெண்ணின் சடை பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. அவளுக்கு என்ன ஆனது என்று எழுத எனக்குக் கை வராது. ஸ்விட்சை அணைத்த பிறகும் அவள் வைத்திருந்த கனகாம்பரம் சிறிது நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து நான் மில்லுக்குப் பூ வைத்துப் போனதில்லை.

அக்கா முதலில் நூல் நிறைந்த கண்டுகளைக் கழற்றுகிற வேலைக்குத்தான் வந்தார். மெஷினைப் பிரித்துப் போட்டிருக்கும் நாட்களில் ஃபிட்டர்களுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தபடி அங்கேயே நிற்பார். "இங்க என்னட்டி வேடிக்க?" என்று விரட்டுவார்கள். போகமாட்டார். ஒருநாள் எந்த ஃபிட்டருக்கும் பிடிபடாத ஒரு சத்தம். அக்கா ஸ்க்ரூடிரைவரின் நுனியை மெஷினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு, பெரிய பல்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னதில் ஒரு பல் தேய்ந்திருக்கிறது என்றார். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருந்தது. அன்றிலிருந்து பழுது என்றால் அக்காவைத்தான் கூப்பிட்டார்கள். எங்களுக்கெல்லாம் ஒரே இரைச்சலாகக் கேட்பது அவருக்குத் தனித்தனியாகக் கேட்கும். அந்தக் காதைப் பார்த்துத்தான் நாங்கள் அத்தனை பேரும் அசந்துபோனோம்.

இன்னொரு வித்தையும் அவரிடம் இருந்தது. பல்சக்கரங்களை மூடியிருக்கும் கதவைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிடும். அதற்கென்று ஓரத்தில் ஒரு சென்சார் உண்டு. அதன்மேல் சின்னக் காந்தத் துண்டை ஒட்டிவிட்டால், கதவு மூடித்தான் இருக்கிறது என்று மெஷின் நம்பிவிடும். திறந்து வைத்துக்கொண்டே ஓட்டலாம். ஓடும்போது பார்த்தால்தானே எங்கே கோளாறு என்று தெரியும் என்பார். கோட்டுப் பையில் எப்போதும் அந்தக் காந்தம் கிடக்கும். கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். சீக்கிரம் வேலை முடிகிறதே என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம் அக்கா என் வீட்டு அடுப்படியில் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"வெட்டுட்டி."

"எதைக்கா?"

"சடையத்தான். தலைய உள்ள விட்டுப் பாக்குற வேலை. தொப்பிக்குள்ள அடங்க மாட்டேங்கி."

இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. கழுத்தளவு விட்டு வெட்டினேன். அவருடைய மாமியார், "எங்ககிட்டச் சொல்லாம எந்தச் சாமிக்கு முடி குடுத்தா?" என்று தெருவெல்லாம் கேட்டுவிட்டு, ஒரு மாதம் பேசாமல் இருந்தார். வெட்டிய சடையை அக்கா தூக்கிப் போடவில்லை. கோயில் பக்கத்துக் கடையில் கொடுத்துச் சவுரியாக்கி, பீரோவில் வைத்துக்கொண்டார். கல்யாண வீடுகளுக்கு அதைக் கட்டிக்கொண்டு போவார்.

இவ்வளவு வேலை பார்த்தும் மில் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'ஹெல்பர்' என்றுதான் இருந்தது. போன வருஷம் மகளிர் தினத்துக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள், மேடையில் வைத்து ஃபிட்டர் ஆர்டர் கொடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. மில்லின் வெல்ஃபேர் மேடம் சின்ன வயசுப் பெண். நல்ல மாதிரிதான். எங்கள் ஹாலுக்கே வந்து அக்காவை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

"அக்கா, கேட்டுல பெரிய போர்டு வைக்கப்போறோம். நீங்க மெஷின் முன்னால நிக்கிற மாதிரி படம். ஆனா இந்தக் கிராப்போட நின்னா யாரோ ஆம்பளன்னு நெனச்சிருவாங்க. பட்டுச்சேல, சடை, பூ... பாத்ததும் பொம்பளன்னு தெரியணும்ல?"

"தெரிஞ்சுட்டுப் போகுது மேடம். சவுரி வீட்லதான் கெடக்கு" என்று அக்கா சிரித்தார்.

பஸ்ஸில் வரும்போதுதான் என்னைக் கட்டிவிடச் சொன்னார்.

"கட்டுதேன். ஆனா மெஷின் பக்கம் சடையோட போவாதீங்க."

"போட்டோதானட்டி. மெஷின் நிக்கும்."

"நிக்கலன்னா?"

"ஏட்டி, எட்டு வருஷம் ஹெல்பரா இருந்துட்டேன். சடை போட்டாத்தான் ஃபிட்டர்னா போட்டுட்டுப் போறேன். ஒன் பயம், நொரநாட்டியம் எல்லாத்தையும் வீட்ல வச்சுட்டு வா."

அன்று காலை பெண்கள் உடை மாற்றும் அறையில் அக்காவை உட்காரவைத்தேன். மயில் கழுத்து நிறத்தில் பட்டு. என் கையில் ஆறு கொண்டை ஊசிகளைக் கொடுத்தார். "இறுக்கிக் கட்டு. மேடையில கழண்டு விழுந்தா அம்புட்டுப் பேரும் சிரிச்சுருவாவ. மானம் போயிரும்."

குட்டை முடியை ஒரு சின்ன முடிச்சாகக் கட்டி, சவுரிக் கயிற்றை அதில் சுற்றி முடிந்து, ஊசிகளைக் குத்தி, மேலே பூவை வைத்து மறைக்க வேண்டும். கயிற்றைச் சுற்றினேன். முடிச்சுப் போடப் போன விரல் அங்கேயே நின்றுவிட்டது. அந்த முடியை நான்தான் வெட்டினேன், திரும்பவும் நான்தான் கட்டுகிறேன் என்ற நினைப்பு வந்தது. கனகாம்பரம் சுற்றுகிற மாதிரி கண்ணுக்குள் இருந்தது. முடிச்சுப் போடவில்லை. ஒரே ஒரு ஊசியை மட்டும் பட்டும் படாமலும் சொருகிவிட்டு, மீதி ஐந்தையும் என் மணிபர்சில் போட்டுக்கொண்டேன். மல்லிகையைச் சுற்றி மறைத்தேன்.

"ஆறும் குத்திட்டியா?"

"குத்திட்டேங்க்கா."

பொய்தான். சொன்ன நிமிஷத்திலிருந்து எனக்கு இரண்டு பயம். மேடையில் கழன்று விழுந்தால் அக்காவின் மானம் என்னால் போகும். விழாமல் போனாலோ, அந்த ஒரு ஊசியே போதுமான அளவு பிடித்துக்கொண்டால்? ஓடிப்போய் மீதியையும் குத்திவிடலாமா, இல்லை அந்த ஒன்றையும் உருவிவிடலாமா என்று மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே ஹாலுக்குள் அவர் பின்னால் போனேன்.

போட்டோக்காரர் இராஜபாளையத்து ஸ்டூடியோவிலிருந்து வந்திருந்தார். கல்யாணப் படங்கள் எடுத்து எடுத்துப் பழகியவர். அக்காவை மெஷின் கதவுப் பக்கம் நிறுத்தி, ஸ்பானரைக் கையில் கொடுத்து, கதவைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் மெஷின் நின்றது. எனக்கு மூச்சு வந்தது. அவர் இரண்டு படம் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நின்ன மெஷினு நல்லால்லையே. ஓடுனாத்தான் படத்துல உசுரு இருக்கும்."

"கதவு தொறந்தா ஓடாதுங்க" என்றார் சூப்பர்வைசர்.

அக்கா அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பட்டுச்சேலைக்குள்ளும் அந்தக் காந்தத்தைக் கொண்டுவந்திருந்தார். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து எடுத்துச் சென்சாரில் ஒட்டினார். மெஷின் ஓடத் தொடங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

எங்கள் ஹாலில் மெஷின் ஓடினால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. உதட்டசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். தூரத்தில் இருந்தால் கை ஜாடை. இரண்டு மணிக்கட்டையும் பெருக்கல் குறி மாதிரி வைத்தால் நிறுத்து என்று அர்த்தம். நான் போட்டோக்காரருக்குப் பின்னால் நின்று கையைக் குறுக்கே வைத்துக் காட்டினேன். அக்கா பார்த்தார். 'அட, போட்டி' என்று அவர் உதடு அசைந்தது.

வெல்ஃபேர் மேடம் போய் அக்காவின் சடையை எடுத்து முன்பக்கமாகத் தோள்மேல் போட்டார். கல்யாணப்பெண்ணுக்குப் போடுவதுபோல, குஞ்சலம் வயிற்றுக்குக் கீழே தொங்கியது. போட்டோக்காரர் குனியச் சொல்லிக் கையைக் காட்டினார். ஸ்பானரோடு அக்கா குனிந்தார். முகத்தை மட்டும் திருப்பிச் சிரித்தார். சடை தோளிலிருந்து விலகி, கதவுக்கு உள்ளே தானாகத் தொங்கியது. குஞ்சலத்தின் மணிகள் ஆடுவதைப் பார்த்தேன். நான் ஓடத் தொடங்கியிருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். கால் நகர்ந்ததா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

வெடுக்கென்று ஒரு இழுப்பு. அக்காவின் தலை ஒருமுறை முன்னால் போய், நின்றது. பல்சக்கரத்தில் கறுப்பாக ஏதோ சுற்றிச் சுற்றிப் பருத்தது. கருகிய வாடை வந்தது. பிறகு மோட்டார் முனகி அடங்கியது. அந்த மெஷின் மட்டும் நின்றது, மற்றவை ஓடிக்கொண்டிருந்தன.

அக்கா நிமிர்ந்தார். ஒரு கை பின்னந்தலையைத் தடவியது. மறு கையில் ஸ்பானர் அப்படியே இருந்தது.

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு கோடியில் நின்ற ஒருத்தி, "சவுரிட்டீ! சவுரிதான் போச்சு!" என்று வாயசைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உடனே அத்தனை பேரும் சிரித்தார்கள். போட்டோக்காரர் சிரித்தார். அக்காவும் சிரித்தார். அவர் கழுத்தில் ஒரு மல்லிகைச் சரம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் மட்டும் சிரிக்காமல், யாரும் பார்ப்பதற்குள் அந்தக் காந்தத்தைப் பிடுங்கி அக்காவின் கைக்குள் திணித்தார்.

அரை மணி நேரத்தில் விழா. அக்கா குட்டை முடியோடு மேடை ஏறினார். ஆர்டரில் ஃபிட்டர் என்றே இருந்தது. நாங்கள் கை வலிக்கத் தட்டினோம். அவர் பேச வேண்டும் என்றார்கள். மைக்கைப் பிடித்து, "எல்லாருக்கும் நன்றி" என்று மட்டும் சொன்னார். கத்தரித்து எடுத்த சவுரியை, நூல் கழிவு போடும் சாக்குப்பையில் யாரோ போட்டுவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

சாயந்திரம் பஸ்ஸில் அக்கா தூங்கவில்லை. ஊர் நெருங்கி, கோபுரம் தெரிந்த பிறகுதான் கேட்டார்.

"எத்தன ஊசி குத்தின?"

"ஒண்ணு."

"முடிச்சு?"

"போடலக்கா."

மணிபர்சைத் திறந்து ஐந்து ஊசியையும் காட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இறங்குகிற வரைக்கும் விடவில்லை. இறங்கும் முன் காந்தத்தை எடுத்து என் மணிபர்சுக்குள் போட்டார்.

"இது ஒங்கிட்டயே கெடக்கட்டும். நான் கேட்டாலும் குடுக்காத."

இதுவரைக்கும் கேட்கவில்லை.

கேட்டில் அந்தப் போர்டு இருக்கிறது. மெஷின் நின்றிருந்தபோது எடுத்த படம்தான். பட்டுச்சேலை, சடை, பூ, ஸ்பானர். அதைப் பார்த்துவிட்டு இரண்டு பெண்கள் ஃபிட்டர் வேலை பழக வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். ஒருத்தி கான்சாபுரத்துக்காரி; நீளமான முடியைத் தொப்பிக்குள் சுருட்டி வைத்திருப்பாள், மதியத்துக்குள் பாதி வெளியே வந்துவிடும். இருவரும் அக்கா மாதிரியே ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்கிறார்கள். அக்கா மாதிரியே நடக்கிறார்கள். அக்கா அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் முகத்தில் வருகிற பெருமையைப் பார்த்தால் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் என் மெஷினில் இழை ஒட்டிக்கொண்டே கோடிக்குப் போனேன். பல்சக்கரக் கதவு திறந்திருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கான்சாபுரத்துப் பெண் தலையை உள்ளே விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். சென்சாரின் மேல் புதுக் காந்தம் ஒன்று பளபளத்தது.

பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுவிடுவாள். கத்தினால் கேட்காது. ஜாடை காட்ட அவள் என் பக்கம் திரும்ப வேண்டும். தொப்பியிலிருந்து சரிந்த ஒரு கற்றை அவள் கன்னத்தில் ஆடிக்கொண்டிருந்தது. நான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். மெஷின் முழுக்க இழைகள் அறுந்தன.

"ஏங்க்கா நிப்பாட்டுனீங்க? இப்பத்தான் சத்தம் புடிபட்டுச்சு" என்றாள் கோபமாக.

"அந்தக் காந்தம் ஏதுட்டி?"

"எல்லார்ட்டயும் இருக்குக்கா. அக்கா அப்படித்தான் பாப்பாவளாம்ல?"

அறுந்த இழைகளை ஒட்டி முடிக்க எனக்கு நெடுநேரம் ஆனது. அவள் காந்தம் இப்போது என் மணிபர்சில், அக்காவுடையதோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. எல்லாரிடமும் என்றால் எத்தனை பேர் என்று அவள் சொல்லவில்லை. நாளைக் காலை பஸ்ஸில் அக்காவிடம் சொல்லியாக வேண்டும். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.