இடப்பக்கம் திரும்பாத சைக்கிள்

திரைச்சீலைக் கடையில் அவளை எல்லோரும் நூலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நூல் அவள் தொழில் என்பதால் வந்த பெயர் இல்லை. அங்கே எல்லோருக்கும் நூல்தான் தொழில். எதுவும் நூல் பிடித்த மாதிரி இல்லாவிட்டால் அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். பக்கத்து மேஜைக்காரியின் கத்தரிக்கோல் கோணலாகக் கிடந்தால், பேச்சோடு பேச்சாகக் கையை நீட்டி அதை நேராக்கிவிட்டுத்தான் பேச்சை முடிப்பாள். ஒருமுறை வங்கி வரிசையில் முன்னால் நின்ற ஆளின் சட்டைக் காலரை மடித்துவிட்டாள். அவர் திரும்பி நன்றி சொன்னார். அவருடைய மனைவி சொல்லவில்லை.

அவள் கணவருக்கு ஊர் எல்லையில் இருந்த எடைமேடையில் வேலை. லாரிகள் மேடையில் ஏறி நிற்கும். இவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எடை பார்த்துச் சொல்வார். பிழைப்பு டன் கணக்கில் நடந்தாலும் ஆள் காற்றடித்தால் பறந்துவிடுவார். குரலும் அப்படித்தான். யார் மனமும் நோகப் பேசத் தெரியாது. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய லாரிக்காரரிடம்கூட, "கொஞ்சம் பூசினாப்ல இருக்குதுங்க" என்றுதான் சொல்வார்.

ஒருநாள் வேலை முடிந்து இருட்டும் நேரத்தில் வந்தவர், ஓரமாக நின்ற தள்ளுவண்டியில் சைக்கிளை மோதி, முட்டைக்கோசுகளோடு முட்டைக்கோசாக உருண்டார். அதற்குப் பிறகுதான் சைக்கிளுக்கு விளக்கும் டைனமோவும் வாங்கினார். தானே மாட்டவும் செய்தார். பின் சக்கரத்து டைனமோவிலிருந்து முன் விளக்கு வரைக்கும் ஒயரைக் கம்பியில் சுற்றி, ஓரிடத்தில் டேப், ஓரிடத்தில் ரப்பர் பேண்ட், இன்னோரிடத்தில் தன் ஷூ லேஸ் என்று கட்டி முடித்தார்.

நூலக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க இது?"

"லைட்டு."

"லைட்டு தெரியுது. இத்தனை கட்டு எதுக்கு? வண்டிக்குக் கைகால் ஒடிஞ்சு போச்சா?"

"ஒயர் தொங்கக் கூடாதில்ல."

"கழட்டுங்க."

அந்த வாரம் முழுக்க மாலை நேரத்தில் சைக்கிள் முன்னறையில்தான் நின்றது. கடையில் திரைச்சீலைக்குப் பின்னால் கொடுத்துத் தைத்து மிச்சமான கரும்பச்சை உள்துணி கொஞ்சம் அவளிடம் இருந்தது. சைக்கிளும் அதே பச்சை. ஒயரைக் கம்பியை ஒட்டி நேராக ஓடவிட்டு, அதன்மேல் துணியை உறை மாதிரி இழுத்துச் சுற்றி, உள்ளே மடித்து மறைதையல் போட்டாள். அவர் முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

"அசையாதீங்க. மூச்சு விட்டாக்கூட தையல் கோணுது."

அவர் முடிந்தவரை மூச்சையும் பிடித்துப் பார்த்தார்.

முடித்தபோது ஒயர் இருப்பதே தெரியவில்லை. விளக்கு அந்தக் கம்பியிலேயே முளைத்த மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டம்மா வந்து தடவிப் பார்த்துவிட்டு, "வண்டிக்குச் சட்டை தைச்சுப் போட்டிருக்கியே" என்றாள். நூலக்கா அன்று சாப்பிடும்போதும் சைக்கிளைப் பார்த்தபடியே சாப்பிட்டாள்.

மறுநாள் அவர் அதில் வேலைக்குக் கிளம்பினார். தெருமுனையில் இடப்பக்கம் திருப்பியதும் ஹேண்டிலுக்குக் கீழே 'டர்ர்' என்றது. விளக்கு தலையைத் தொங்கப்போட்டது. பதறிப்போய் இறங்கிக் குனிந்து பார்த்தார். ஹேண்டில் நேராக இருந்தபடியே ஒயரை விறைப்பாக இழுத்து, கழுத்துக் கம்பியின் வலப்பக்கமாகக் கொண்டுபோய்த் தைத்திருந்தாள். அதனால் வலப்பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் திரும்பும். இடப்பக்கம் ஒரு விரல்கடை நகரும்; அதற்கு மேல் போனால் தையலோ ஒயரோ ஏதாவது ஒன்று தெறித்துவிடும்.

வேறு ஆளாக இருந்தால் அங்கேயே நாலு தையலை அறுத்துவிட்டிருப்பார். இவருக்கு முந்தின நாள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பின்னால் தெரிந்த முகம் ஞாபகம் வந்தது. விளக்கை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தார். இடப்பக்கம் போக வேண்டுமென்றால் மூன்று முறை வலப்பக்கம் திரும்பினால் ஆயிற்று. சந்து இருக்கும் இடத்தில் அப்படிச் சுற்றிப் போனார். இல்லாத இடத்தில் இறங்கி, சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கி அப்படியே திருப்பி வைத்து மறுபடி ஏறினார்.

முனைக்கடை சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "என்னண்ணே, வண்டிக்கு அந்தப் பக்கம் சுளுக்கா?"

"ஆமாப்பா. லேசா."

போகிற வழி சமாளிக்க முடிந்தது. வருகிற வழிதான் வில்லங்கம். வலப்பக்கமாகவே திரும்பி வீடு வந்து சேர ஒரே வழிதான் இருந்தது. அது மாமியார் வீட்டு வாசலை உரசிக்கொண்டு போயிற்று. மாமியார் பேசத் தொடங்கினால் கடிகாரம் களைத்துவிடும். அவர் வருகிறார் என்றாலே இவர் பல்ப் வாங்கப் போகிறேன் என்று கிளம்பிவிடுவது வழக்கம்.

"மாப்பிள்ளையா அது?"

நிறுத்தத்தான் வேண்டியிருந்தது. டீ வந்தது. அடுத்த நாள் அவர் கண்ணில் படுவதற்கு முன்பே டீ தயாராக இருந்தது. மாமனார் இருந்த காலத்தில் பக்கத்து வீட்டுக்காரரோடு சாக்கடைக் குழாய்க்காக நடந்த சண்டையை மாமியார் பகுதி பகுதியாகச் சொன்னார். குழாய் பாதி தோண்டப்பட்ட நிலையில் ஒருநாள் கதை நின்றுவிட, மறுநாள் எடைமேடையில் அவருக்கு வேலையே ஓடவில்லை.

மாமியார் மகளுக்குப் போன் போட்டார். "உன் வீட்டுக்காரர் தங்கம்டி. தெனமும் வந்து உக்காந்து பேசிட்டுப் போறாரு."

நூலக்கா அம்மாவிடம் இரண்டு முறை திருப்பிக் கேட்டாள். அன்று மாலை மெல்ல நூல் விட்டுப் பார்த்தாள்.

"இப்பல்லாம் ஏன் லேட்டாகுது?"

"லாரி ஜாஸ்தி."

"அம்மா வீட்டுப் பக்கம் போனீங்களா?"

அவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆமா. அத்தைய பாக்கணும்னு தோணுச்சு."

அந்தப் பதில்தான் அவளை நடுங்க வைத்தது. கடைசிக் காலத்தில் மனிதர்கள் எல்லோரிடமும் சமாதானமாகப் போவார்கள் என்று எங்கோ கேட்டிருந்தாள். மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த கணவரோடு நடந்தே டாக்டரிடம் போனாள்.

டாக்டர் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், முதுகைத் தட்டினார். "என்ன செய்யுது?"

அவர் வாயைத் திறப்பதற்குள் நூலக்கா சொன்னாள்: "எங்கம்மாவ போய்ப் பாக்குறாரு டாக்டர்."

"எவ்வளவு நாளா?"

"பதினஞ்சு நாளா."

"யாரும் சொல்லாம, தானாவா?"

"தானாத்தான்."

டாக்டருக்கும் மாமியார் உண்டு. உடனே ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

ரத்தம் கொடுத்துவிட்டு வரும்போது வெயில் ஏறிவிட்டது. அவளைப் பின்னால் உட்கார வைத்து மிதித்தார். வீட்டுத் தெரு இடப்பக்கம் வந்தது. சைக்கிள் நேராகப் போயிற்று.

"என்னங்க, நம்ம தெரு போயிடுச்சு."

"ஆமா."

வலப்பக்கம் திரும்பினார். மறுபடி வலப்பக்கம்.

"இப்ப எங்க போறோம்?"

"வீட்டுக்குத்தான்."

"இறங்குங்க."

அவள் ஹேண்டிலைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினாள். 'டர்ர்' என்றது, விளக்கு தலையைத் தொங்கப்போட்டது. குனிந்து தன் தையலை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"மொத நாள்லேர்ந்து."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"நல்லா தைச்சிருந்தியே."

அவளுக்கு மூக்கு சிவந்தது. "ஊசி குத்துறதுக்கு முன்னாடியாவது சொல்லியிருக்கலாம்."

"ஊசிக்குப் பயந்து சொல்றேன்னு நெனச்சுட்டா?"

நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து பையிலிருந்த சின்னக் கத்தரிக்கோலால் கழுத்துப் பக்கத் தையலைப் பிரித்தாள். தெருவில் போகிறவர்கள் ஒதுங்கி நடந்தார்கள். டைனமோ பக்கம் சுருட்டி மறைத்திருந்த மிச்ச ஒயரை உறைக்குள்ளேயே இழுத்து முன்னால் கொண்டுவந்து, ஹேண்டிலுக்குக் கீழே ஒரு வளையம் தொங்கும்படி விட்டாள். சைக்கிள் இரண்டு பக்கமும் வழவழவென்று திரும்பியது. வளையம் காது மாதிரி வெளியே ஆடியது. அவள் கை அதை அமுக்கி மறைக்கப் போனது. அவர் சட்டென்று ஏறி மிதிக்கத் தொடங்கிவிட்டார். அவள் பின்னால் ஓடித் தாவி உட்கார வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து அவர் நேரத்தோடு வீட்டுக்கு வந்தார். அந்த வார முடிவில் மாமியார் கதவைத் தட்டினார். ஆறிப்போன டீ ஒரு பாத்திரம் நிறையக் கையில் இருந்தது. விஷயத்தைக் கேட்டு முடித்ததும் மருமகனை ஒன்றும் சொல்லவில்லை, மகளிடம்தான் பாய்ந்தார்.

"உன்னை யாருடி பிரிக்கச் சொன்னது? எடு நூலை."